மாந்துளிர் நிறத்தில் ஒரு பட்டாசாலை

நான் வாழப்போன வீட்டுப் பட்டாசாலையில் பதினோரு ஆணிகள் இருந்தன. பதினோரு ஆணிகளிலும் செத்துப்போன பதினோரு பேர் தொங்கினார்கள். பட்டாசாலை என்றால் எங்கள் பக்கத்தில் தலைவாசலைத் தாண்டியதும் வருகிற பெரிய கூடம். வந்தவர்களை உட்காரவைப்பது, சம்பந்தம் பேசுவது, சண்டை போடுவது, பந்தி விரிப்பது எல்லாம் அங்கேதான். என் மாமனாரின் தாத்தா கட்டிய வீடு அது. எட்டுத் தேக்குத் தூண்கள், கதவுகளுக்கு மேலே அரைவட்டமாக வர்ணக் கண்ணாடி, வழுவழுப்பான சிவப்புத் தரை. சங்கரன்கோவிலில் இந்த மாதிரி வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்று மாமா, அதாவது என் மாமனார், வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மற்ற நாலு விரல்களுக்கான வீடுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

உயிரோடு இருப்பவர்களைவிட அங்கே செத்தவர்களுக்குத்தான் வசதி. வெள்ளிக்கிழமைதோறும் நான் ஸ்டூல் போட்டு ஏறி அவர்களைத் துடைப்பேன். அமாவாசைக்கும் நல்ல நாட்களுக்கும் அத்தை, அதாவது என் மாமியார், கிண்ணத்தில் குங்குமத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு வருவார். அத்தை குள்ளம். ஸ்டூலில் ஏறினால் தலை சுற்றும். அதனால் ஒரு நீளக் குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி, அதைக் குங்குமத்தில் முக்கி, கீழே நின்றபடியே பதினோரு நெற்றியிலும் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு போவார். ஒரு சிலருக்குப் பொட்டு மூக்கில் விழும். அவர்கள் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை.

அந்த வரிசையில் இடம் பிடிக்கச் சட்டதிட்டம் உண்டு. அந்த வீட்டில் பிறந்த ஆண்கள், அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், அவ்வளவுதான். பெண் கொடுத்த வீட்டார் எவ்வளவு பெரிய மனிதர்களாக இருந்தாலும் பட்டாசாலைச் சுவருக்கு வரமுடியாது. எனக்கு அங்கே ஓர் இடம் நிச்சயம் என்பதைக் கல்யாணமான ஒரு மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். செத்தால் போதும். அதுவரைக்கும் துடைத்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது சட்டம் ஆணியைப் பற்றியது. பதினொன்றுக்கு மேல் ஓர் ஆணி அடிக்கக்கூடாது. சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர் அது என்று மாமா பெருமையாகச் சொல்வார். கேட்டால் பசிக்கும். அந்தச் சுவரில் டியூப் லைட் மாட்ட வந்த ஒருவர் ஓர் ஆணியை அடித்ததும் சோற்றுத் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்ததாம். அன்றிலிருந்து புதிதாகச் சாகிறவர்கள் பழையவர்கள் யாராவது இறங்கினால்தான் ஏறமுடியும் என்றாகிவிட்டது. நல்லவேளையாக அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் சாகவில்லை.

செத்தது என் அம்மாதான்.

எனக்கு நாலு வயதாகும்போது அப்பா போய்விட்டார். கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பனவடலிசத்திரத்தில் பெரியப்பா வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு அம்மா என்னை வளர்த்தாள், படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள். என் கல்யாணத்துக்கு இரண்டாவது வருஷம் காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போதே அந்த அறையில் உரமூட்டைகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பெரியப்பா பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மழை வரும்போல இருந்தது, உரம் நனைந்துவிடும்.

அம்மாவுக்கென்று தனியாக ஒரு போட்டோ எடுத்ததில்லை. என் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில் மட்டும் கடைசி வரிசையின் ஓரத்தில் பாதி நிழலில் நின்றாள். தாலியறுத்தவள் முன்னால் நிற்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவளாகவே ஒதுங்கி நின்றுகொண்டாள். யாரும் கூப்பிடவுமில்லை. அந்தப் படத்தைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவில் கொடுத்து, அம்மாவை மட்டும் பிரித்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கினேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தியின் பட்டுச் சேலைத் தோள் மட்டும் அம்மாவோடு வந்துவிட்டது. அந்தப் படம் ஒரு துண்டில் சுற்றி என் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அதை ஒரு சுவரில் மாட்டவேண்டும் என்பது மட்டும்தான் அந்த வருஷம் எனக்கு இருந்த ஆசை. படுக்கையறையில் வேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர். செத்தவர்கள் படம் அங்கே கூடாதாம். அடுக்களையில் கரி. பட்டாசாலையில் சட்டம்.

இந்த நிலைமையில்தான் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னால் பட்டாசாலைக்கு வர்ணம் அடிப்பது என்று மாமா முடிவு செய்தார். வருஷா வருஷம் தபசுக்கு ஊரே உறவுக்காரர்களால் நிறையும், அதற்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்போம். எழுபதுகள் முடிகிற சமயம் அது. எதிர்த்தெருவில் ஒரு வீட்டில் முன்னறைக்கு டிஸ்டம்பர் அடித்து, நான்கு சுவருக்கும் ரோஸ் வர்ணம் கொடுத்திருந்தார்கள். மாமா ஒருநாள் சாயங்காலம் அங்கே காபி குடித்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "நம்ம பட்டாசாலைக்கும் கலர் குடுத்துருவோம்" என்றார்.

மாமாவுக்கு வீட்டின் பின்னால் தறிச் செட்டு இருந்தது. ஆறு விசைத்தறிகள், சேலை ஓடும். காலையிலிருந்து இரவு வரை அந்தச் சத்தத்திலேயே நாங்கள் பேசி, சாப்பிட்டு, கோபித்துக்கொண்டு வாழ்ந்தோம். வர்ணம் என்றால் அவருக்குச் சேலைதான். பெயிண்டுக் கடையில் கொடுத்த கலர் அட்டையை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்னத்தத் தெரியும்? கட்டவெரல் அளவுக்கு ஒரு கட்டம்" என்று தூக்கிப் போட்டார். பதினோரு பேரையும் சுவரிலிருந்து இறக்கச் சொன்னார். இறக்கித் துடைத்துப் பாயில் படுக்கவைத்தோம். தறிச் செட்டிலிருந்து சாயம் போட்ட நூல் சிட்டங்களை அள்ளிக்கொண்டு வந்து ஆணிக்கொன்றாகத் தொங்கவிட்டார். நேற்றுவரை கோட்டும் தலைப்பாகையுமாக முறைத்துக்கொண்டிருந்த வரிசையில் அரக்கும் பச்சையும் ஊதாவும் வாடாமல்லியும் கத்தரிப்பூவும் தொங்கின. உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் நான் பார்த்த மிக அழகான காட்சி அதுதான். அப்படியே விட்டிருக்கலாம்.

குடும்பம் கூடி உட்கார்ந்தது. மாமா எல்லோரையும் கேட்டார். கேட்பதில் அவர் மிகவும் நியாயமானவர். பிறகு தன் இஷ்டப்படி செய்வதிலும் அப்படித்தான்.

என் கொழுந்தன் வான நீலம் என்றான். தென்காசியில் ஏதோ ஒரு சினிமாக் கொட்டகையின் உள்சுவர் அந்த நிறமாம். "ஏலே, நம்ம வீட்டுக்கு டிக்கெட்டு கிழிக்கவா போறோம்?" என்று மாமா அதைத் தள்ளிவிட்டார்.

அத்தை, அழுக்குத் தெரியாத நிறமாக ஏதாவது போடுங்கள் என்றார். என்ன நிறம் என்று கேட்டதற்கு, "அழுக்கு கலர்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நடந்ததை வைத்துப் பார்த்தால் அத்தை சொன்னதுதான் நடந்தது.

என் வீட்டுக்காரர், "அப்பா சொன்னா சரி" என்றார். அப்பா அதுவரை எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

கடைசியில் அடுக்களை நிலைவாசலில் நின்ற என்னைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்லுத?" என்று கேட்டார் மாமா. எனக்குத் தொண்டை வரை வந்தது ஆணி. ஆனால் கேட்டது நிறம். "சந்தன கலர் வைக்கலாம் மாமா. தூண் தேக்கு எடுப்பா தெரியும்" என்றேன். "சந்தன கலர்ல சேல போட்டா யாரும் எடுக்க மாட்டேங்காம்மா. போன தீவாளிக்குப் போட்டது அப்படியே கெடக்கு" என்றார் மாமா. சுவரை யாரும் வாங்கிக் கட்டப்போவதில்லை என்று சொல்ல நினைத்தேன். நினைத்ததோடு சரி.

பிறகு மாமா எழுந்து அரக்குச் சிட்டத்தையும் பச்சைச் சிட்டத்தையும் எடுத்து ஒன்றாக முறுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பாவு அரக்கு, ஊடை பச்சை. அதாவது நெடுக ஓடும் இழை அரக்கு, குறுக்கே ஓடும் இழை பச்சை. இப்படி நெய்தால் சேலை ஒரு பக்கம் பார்த்தால் சிவப்பாகவும் மறுபக்கம் பார்த்தால் பச்சையாகவும் அலையடிக்கும். மாந்துளிர் என்பார்கள். அந்த வருஷம் அந்தச் சேலைதான் ஓட்டமாக ஓடியது. "மாந்துளிர். ஊர்ல எவன் வீட்டுச் செவத்துலயும் கெடையாது" என்றார் மாமா.

அதில் மட்டும் அவர் சொன்னது முழு உண்மை. எவன் வீட்டிலும் கிடையாது. அதற்குக் காரணமும் இருந்தது.

வெள்ளையடிக்கிறவர் வந்தார். ஊரில் பாதி வீடுகளுக்கு அடித்தவர், ஒல்லியானவர், அதிகம் பேசாதவர். மாமா அவரிடம் விளக்கினார். முதலில் அரக்கை மேலிருந்து கீழாக நெடுக அடிக்க வேண்டும். காய்ந்ததும் அதன்மேல் பச்சையைக் குறுக்காக அடிக்க வேண்டும். இழைக்கு இழை இடைவெளி விட்டு, மெல்லிசாக. அப்போதுதான் இரண்டும் மாறி மாறித் தெரியும். தூண்களுக்குப் பச்சை எனாமல், அது கரை. வாசற்கதவுச் சுவருக்கு மட்டும் அழுத்தமான அரக்கு, அது முந்தி.

வெள்ளையடிக்கிறவர் சுவரைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "அண்ணாச்சி, இது செவரு" என்றார்.

"செவருன்னு எனக்குத் தெரியாதாவே?"

"இல்ல, தறி இல்லன்னு சொல்லுதேன்."

"நீரு சொன்னதச் செய்யும்."

அவர் செய்தார். சொன்னதைச் சொன்னபடி, ஒரு பழிவாங்கலைப்போலச் செய்தார். முதல் நாள் சுவர் முழுக்கக் காவியும் சுண்ணாம்புமாக நெடுக இறங்கியது. இரண்டாம் நாள் குறுக்கே பச்சை ஏறியது. ஈரத்தில் பார்த்தபோது ஏதோ ஒரு சாயல் தெரிந்த மாதிரி இருந்தது. மாமா நூல் சிட்டத்தைச் சுவரோரம் பிடித்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "பாத்தியளா, அலையடிக்குது" என்றார். அலையடித்தது அவருடைய தலைதான். மூன்றாம் நாள் சுவர் காய்ந்தது. சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்து, தொழுவத்துத் தரையில் ஒருவாரம் காய்ந்த சாணி என்ன நிறமோ அந்த நிறத்துக்கு வந்து நின்றது.

நாங்கள் எல்லோரும் காலையில் எழுந்து வந்து பார்த்தோம். தூண்கள் எட்டும் தவளைப் பச்சையில் பளபளத்தன. எண்பது வருஷத் தேக்கை மூடுவதற்கு எனாமல் இரண்டு பூச்சுத்தான் பிடித்தது. இப்போது அந்த மாதிரித் தூண்களைச் சுரண்டித் தேய்த்துப் பழைய மரம் தெரிய வைப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்களாம். அப்போது எல்லாரும் மூடுவதற்குத்தான் ஆள் தேடினார்கள்.

மாமா நடுக்கூடத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். "மாந்துளிர்" என்றார். "மாந்துளிரேதான்" என்றார் என் வீட்டுக்காரர். கொழுந்தனும் ஆமாம் என்றான். அத்தை மட்டும், "அழுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு அந்த வீட்டில் சாணி என்ற சொல்லையே சில மாதங்களுக்கு யாரும் பயன்படுத்தவில்லை. வாசல் தெளிக்கும்போதுகூட, "அதக் கரச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

மற்ற அலங்காரங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டிக் ரோஜா, சிப்பியில் செய்த மயில், தலையாட்டும் செட்டியார் பொம்மை. ஜன்னல்களுக்குப் பெரிய பெரிய மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை. வர்ணக் கண்ணாடி வழியாக வந்து தரையில் விழும் நீலமும் சிவப்பும் திரைச்சீலையில் முட்டி அங்கேயே நின்றுவிட்டன. கூடைப் பின்னல் நாற்காலிகளைத் தூக்கி மாடியில் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் வயர் பின்னிய இரும்பு நாற்காலிகளை வாங்கினார்கள். உட்கார்ந்து எழுந்தால் முதுகில் கோடு கோடாகப் பதியும்.

கடைசி வேலை, பதினோரு பேரையும் திரும்ப ஏற்றுவது.

தபசுக்கு மூன்று நாள் முன்பு மாமாவின் அக்கா புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை எலுமிச்சம்பழம். நான் அவரைப் பெரியம்மா என்பேன். மாமாவையே, "ஏலே" என்று கூப்பிடக்கூடிய ஒரே ஆள். சுவரை ஒருமுறை பார்த்தார். "இதுக்கா எலே இவ்வளவு பாடு? தொழுவத்துல ரெண்டு கூடை அள்ளிக் குடுத்திருப்பேனே" என்றார். பிறகு பாயில் உட்கார்ந்து, நான் துடைத்துக் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொரு படமாக வாங்கி, இது இன்னார், இது இன்னார் என்று சொல்லிக்கொண்டே கொழுந்தனிடம் நீட்டினார். அவன் மாட்டினான்.

எட்டாவது படம் அந்த வரிசையிலேயே கம்பீரமானது. கொடியும் கிளியும் செதுக்கிய கறுத்த மரச்சட்டம். உள்ளே தலைப்பாகையும் கோட்டும் முறுக்கிய மீசையுமாக ஒருவர், வட்ட மேசையில் கையை ஊன்றி நின்றார். கொழுந்தனுக்கு அந்தப் பாட்டனாரின் மூக்கு அப்படியே வாய்த்திருக்கிறது என்று அந்த வீட்டில் சொல்லாத ஆளில்லை. பெரியம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு இன்னுமா இங்கன இருக்காரு?" என்றார்.

"அது யாரு பெரியம்மா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? சட்டத்தோட வந்தவரு."

மாமா நிமிர்ந்து பார்த்தார். பெரியம்மா விவரமாகச் சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவருடைய அப்பா திருநெல்வேலியில் ஒரு படக்கடையில் இந்தச் சட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்திருக்கிறார், தன் அப்பாவின் படத்தைப் போடுவதற்கு. "எங்க தாத்தாவோ போட்டோ புடிக்க மாட்டேன்னுட்டாரு, ஆயுசு கொறைஞ்சிருமாம். கடக்காரன் அழகுக்கு உள்ள ஒரு ஆளச் செருகி வச்சிருந்தான்லா, அவரு அப்படியே நின்னுட்டாரு."

"நான் உங்க பெரிய பாட்டாருன்னுலா நெனச்சிக்கிட்டு பொட்டு வச்சேன்" என்றார் அத்தை. "எங்கம்மா வச்சா, நீ வைக்க" என்றார் மாமா. கொழுந்தன் மெதுவாகத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

இதைவிட நல்ல நேரம் எனக்கு வராது என்று தோன்றியது. ஓர் ஆணி காலி. புது ஆணி அடிக்க வேண்டாம், யாரையும் இறக்க வேண்டாம், இறங்கவேண்டியவர் இந்த வீட்டாளே இல்லை. ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"மாமா, அப்ப அந்த ஆணில எங்கம்மா படத்த மாட்டிக்கிடட்டுமா?"

மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீசைக்காரரைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தன் துண்டால் ஒருமுறை துடைத்தார். பிறகு மிகவும் இரக்கத்தோடு சொன்னார்.

"அது எப்படிம்மா? இத்தன வருசம் இந்த வீட்ல இருந்துட்டாரு. இப்பப் போயி எறக்கிவிட்டா எங்கன போவாரு? அவருக்கு வேற யாரு இருக்கா?"

படத்தைக் கொழுந்தனிடம் கொடுத்தார். மீசைக்காரர் தன் ஆணிக்குப் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரர் ஒரு தூணருகே போய், எனாமலில் கொப்புளம் ஏதாவது வந்திருக்கிறதா என்று மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரோ ஒரு கடைக்காரன் அழகுக்குச் செருகிய ஆளுக்கு ஊரில் போக்கிடம் இல்லை என்று வருத்தப்படுகிற வீடு, என்னைப் பெற்றவளுக்கு அந்த வருத்தத்தில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மீதி மூன்று படங்களையும் துடைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் முழுக்க யோசித்தேன். தபசுக்கு முந்தின நாள் மத்தியானம் அத்தையும் பெரியம்மாவும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் தறிச் செட்டில். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து துண்டோடு படத்தை எடுத்தேன். தறிச் செட்டு வாசலில் கிடந்த டப்பாவிலிருந்து ஒரு நீள ஆணி. அடுக்களையிலிருந்து மிளகு தட்டுகிற கல் குழவி. ஸ்டூலைப் போட்டு, கடைசிப் படத்துக்கு அடுத்தாற்போல ஓர் இடம் பார்த்து ஆணியை வைத்தேன். ஆறு தறிகளும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் யானையே வந்தாலும் கேட்காது என்பதுதான் என் திட்டம்.

முதல் அடி. இரண்டாவது அடி. ஆணி இறங்கியது. மூன்றாவதற்குக் குழவியை ஓங்கும்போது கரண்ட் போனது. ஆறு தறிகளும் ஒன்றாக நின்றன. ஓங்கிய கையை நிறுத்த முடியவில்லை. நான் அடித்த அந்த மூன்றாவது அடி தெருமுனை வரை கேட்டிருக்கும்.

சுவர் ஒருமுறை முனகியது. ஆணி செங்கல் இடுக்கில் கெட்டியாக நின்றுகொண்டது. அதைச் சுற்றியிருந்த காரை மட்டும் பொத்தென்று பெயர்ந்து, மாந்துளிரும் அதன் கீழிருந்த எத்தனையோ ஆடி மாதத்து வெள்ளையுமாகச் சிவப்புத் தரையில் விழுந்து நொறுங்கியது. அந்த நிறத்துக்கு நடுவில் இரண்டு கை அகலத்துக்குச் செங்கல் தெரிய ஓர் ஓட்டை.

மாமா ஓடிவந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. பின்னாலேயே என் வீட்டுக்காரரும் கொழுந்தனும். நான் ஸ்டூலின் மேல் அம்மாவை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கி மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"எங்கம்மாவுக்கும் வேற யாரும் இல்ல மாமா."

மாமா என்னைப் பார்க்கவில்லை. ஓட்டையைப் பார்த்தார், தரையில் கிடந்த காரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். விடிந்தால் தபசு. எதிர்த்தெரு ரோஸ் வர்ணக்காரர் உட்பட ஊரே அந்தப் பட்டாசாலைக்கு வரப்போகிறது.

"மாட்டும்மா. ஓட்ட தெரியுதுல்லா" என்றார்.

மாட்டினேன். "கொஞ்சம் எடதுபக்கம் தள்ளி. கீழ தெரியுது பாரு" என்றார். தள்ளினேன். சட்டம் ஓட்டையை முழுசாக மூடியது. "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துண்டால் தலைத் தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் விளக்குமாறு எடுத்து வந்து தானே காரையைக் கூட்டி அள்ளினார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் கையில் விளக்குமாற்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு மாமா மனமிரங்கினாரா, சுவருக்காகப் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவை இறக்கினால் ஓட்டை தெரியும், அதனால் யாரும் இறக்கப்போவதில்லை என்பது மட்டும் அப்போதே தெரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

தபசன்று காலை அத்தை குளித்துவிட்டுக் குங்குமக் கிண்ணத்தோடும் குச்சியோடும் வந்தார். வாசலில் ஏற்கெனவே செருப்புகள் சேர ஆரம்பித்திருந்தன. யாரோ வந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்து, "இது என்ன கலரு அண்ணாச்சி?" என்று கேட்க, மாமா விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை அந்தப் பேச்சில் ஒரு காதை வைத்துக்கொண்டே முதல் படத்திலிருந்து குச்சியை நீட்டிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். மாமாவின் அப்பா, அவர் தம்பி, மீசைக்காரர், மற்றவர்கள். கை பழக்கத்தில் போனது. பதினொன்றாவது படத்தைத் தாண்டிய கை நிற்காமல் அடுத்ததற்கும் போய் அம்மா நெற்றியில் சரியாக நடுவில் ஒரு பொட்டை வைத்தது.

அப்புறம்தான் அத்தை நின்றார். குச்சியை இறக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். தாலியறுத்தவள் படத்துக்குக் குங்குமம் வைப்பதில்லை, விபூதிதான். அது அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் பக்கம் திரும்பினார். துடைத்துவிடு என்று சொல்லப்போகிறார் என்று முந்தானையைக் கையில் எடுத்துவிட்டேன்.

"இருக்கட்டும்ட்டி" என்றார் அத்தை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்று பார்த்தேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா நெற்றி வெறும் நெற்றிதான். கிழவி என்றே நினைத்திருந்தேன், ஊரும் அப்படித்தான் நடத்தியது. பொட்டோடு பார்க்கும்போது அவள் சின்னப் பெண்ணாக இருந்தாள். அப்பா போனபோது அவளுக்கு என் அப்போதைய வயதுதான் இருந்திருக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அழுகை வந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் சுவரின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை, நானும் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனேன்.